அம்மணப் போராளிகள் தந்த இரும்புச் சட்டை

கி.மு. 225இல் இத்தாலியின் டெலமோன் போர்க்களத்தில் கெல்ட்டியரின் ஒரு பிரிவு அம்மணமாக வந்து நின்றதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதியிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், இரும்பு வளையங்களைக் கோத்து உடம்பை மூடும் கவசமும் அதே கெல்ட்டியரின் கைவேலைதான். அவர்களோடு ஆகாத ரோமானியரே, வாரோ என்ற தங்கள் அறிஞர் மூலமாக, இதை ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ருமேனியாவின் சியுமெஷ்ட் என்ற ஊரில் 1961இல் வெளிப்பட்ட ஒரு தலைவனின் கல்லறையும் அதற்குச் சாட்சி. இறக்கை அசையும் வெண்கலப் பறவை வைத்த தலைக்கவசத்தோடு, துருவேறிய வளையக் கவசமும் அங்கே கிடைத்தது. ஏறக்குறைய 2,300 ஆண்டுப் பழசு.

செய்முறை பார்க்க எளிது. கம்பியைத் தண்டில் சுருளாகச் சுற்றி, சுருளை நீளவாக்கில் வெட்டினால் வளையங்கள் உதிரும். ஒவ்வொன்றையும் அக்கம்பக்கத்து நான்கோடு கோக்க வேண்டும். பொறுமை இருந்தால் இதுவரை யாரும் வந்துவிடலாம். ஆனால் முனைகளைச் சும்மா நெருக்கி விட்டால், ஈட்டி குத்திய வேகத்தில் வளையம் வாய் பிளந்துவிடும். எனவே இரு முனைகளையும் தட்டித் தட்டையாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பொடித் துளையிட்டு, அதில் குட்டி ரிவெட் அடித்தார்கள். ஒரு சட்டைக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் வளையங்கள்! கண் வலித்த யாரோ ஒரு கொல்லர்தான் குறுக்குவழி கண்டிருக்க வேண்டும்: ஒரு வரிசைக்குத் தகட்டிலிருந்து வெட்டிய முழு வளையம், அடுத்த வரிசைக்கு மட்டும் ரிவெட். வேலை பாதியானது.

ரோமானியப் படையில் முதலில் வசதி படைத்தவர்களே இதை அணிந்தார்கள். பிறகு ஐரோப்பாவும் மேற்காசியாவும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இதையே நம்பின. வாள் வெட்டை இது தடுக்கும். அடியின் அதிர்ச்சியைத் தடுக்காது, எலும்பு முறியும். அதனால் உள்ளே பஞ்சோ கம்பளியோ திணித்த மெத்தைச் சட்டை கட்டாயம். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 1191இல் சிலுவைப் போரில் எதிர்த்தரப்பான சுல்தான் சலாஹுத்தீனின் தரப்பிலிருந்தே ஒருவர் பார்த்திருக்கிறார். பாலஸ்தீனக் கடற்கரையில் அர்சூப் என்ற ஊரை நோக்கி நகர்ந்த சிலுவைப் போர் வீரர்களின் முதுகில் அம்புகள் குத்தி நிற்க, அவர்கள் பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்தார்களாம். எழுதியவர் பஹாவுத்தீன், எதிரியைப் புகழ வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

வலுவான குறுக்குவில் வந்தபின் கதை மாறியது. 14ஆம் நூற்றாண்டில் தகட்டுக் கவசம் மார்பைப் பிடித்துக்கொள்ள, வளையம் அக்குளுக்கும் தொடை இடுக்குக்கும் ஒதுங்கியது. மடங்க வேண்டிய இடத்தில் தகடு உதவாதே.

இன்று இறைச்சி வெட்டுவோர் கையுறையிலும், சுறாக்களோடு நீந்துவோர் உடையிலும் அதே நாலுக்கு ஒன்று பின்னல் இருக்கிறது. இரும்புக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகு. ரிவெட்டுக்குப் பதில் வெல்டிங்.