சிங்காரா கேட்ட குகையும் மதுரையில் நின்ற கருவியும்

அரிய துகள்வினைகளைத் தேடும் கருவிக்குப் பாறையே கூரை. வானிலிருந்து இடையறாது பொழியும் மியூவான்கள், ஆண்டுக்குச் சிலமுறையே நிகழக்கூடிய வினையை மறைத்துவிடும். அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில், ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில், 10 டன் திரவ செனான் கொண்டு இருண்ட பொருளைத் தேடுவதும் இதனாலேயே.

இந்தியாவிலும் தங்கச் சுரங்கமே முதலில் உதவியது. கோலார் தங்கவயலில் 2.3 கி.மீ. ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாகா, டர்ஹாம் ஆய்வாளர்களும் 1965இல் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவுசெய்தனர். அங்கேயே 1980களில் புரோட்டான் சிதைவெனக் கருதப்பட்ட நிகழ்வுகளைப் பிறநாட்டுப் பெருங்கருவிகள் உறுதிப்படுத்தவில்லை. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது.

புதிய நியூட்ரினோ ஆய்வகத்துக்குத் தேர்வான இடம் நீலகிரியின் சிங்காரா. கொங்கு வட்டாரத்துக்கு இம்மலை புதிதன்று. மோயாற்றோடு பவானியில் கலக்கும் பைகாராவின் மின்சாரமே 1930களில் கோவைப் பஞ்சாலைகளை ஓட்டியது. அத்திட்டத்தின் நிலத்தடி மின்நிலையம் பாறையின் உறுதிக்குச் சான்றாகவும் நின்றது. ஆனால், முதுமலையை ஒட்டிய அவ்விடம் யானைகளின் வழித்தடம். நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2009 நவம்பரில் அனுமதி மறுத்தது. குகை தோண்டி முடித்தபின் காடு தழைத்துவிடும் என்ற வாதம், தோண்டும் ஆண்டுகளில் செல்லும் கனரக வண்டிகளைக் கணக்கில் கொள்ளவில்லை. மறுப்பு நியாயமானதே.

திட்டம் தேனி மாவட்டப் பொட்டிபுரத்துக்கு நகர்ந்தது. ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய் மதிப்பில் 2015இல் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தும் எதிர்ப்பும் வழக்குகளும் தொடர்ந்தன. தமிழ்நாடு அரசு 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது.

குகைக்குக் காத்திராமல், 50,000 டன் இரும்புக் கருவியின் சிறு மாதிரி மதுரையில் எழுப்பப்பட்டு 2018 முதல் இயங்கிவருகிறது. அதன் எடை 85 டன். இரும்புத் தகடுகளின் இடையே வாயு நிரப்பிய மின்தடை உணர்கலங்கள். விந்தை என்னவெனில், எந்த மியூவான்களை விலக்கக் குகை வேண்டப்பட்டதோ அவையே இங்குச் சோதனைக் கற்றை. காந்தப்புலத்தில் அவற்றின் தடம் எவ்வளவு வளைகிறது, கலங்கள் எத்தனைத் தடங்களைத் தவறவிடுகின்றன என்பவற்றை நிலப்பரப்பில் அளந்துவிடலாம். நியூட்ரினோவின் அரிய தடத்தைப் பின்னணி இரைச்சலிலிருந்து அக்கருவி பிரித்தறியுமா என்பதைப் பாறையின்கீழ்தான் அளக்க முடியும். அதற்கான பாறை இன்னும் குடையப்படவில்லை.