சென்ற காலத்துக்குச் சென்ற படைகள்

அரபு இலக்கணம் பயில்வோர் தொடக்க நிலையிலேயே இரண்டு இடைச்சொற்களின் வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்வர். 'இன்' என்பது ஒன்று. 'லௌ' என்பது மற்றொன்று. தமிழில் இவ்விரண்டையும் 'ஆல்' என்னும் ஒரே ஈற்றைக் கொண்டுதான் பெயர்க்கிறோம். ஆயினும் 'நீ வந்தால்' என்பதற்கும் 'நீ வந்திருந்தால்' என்பதற்கும் எத்துணைத் தொலைவு உண்டோ, அத்துணைத் தொலைவு இச்சொற்களுக்கு இடையேயும் உண்டு. 'இன்' இனி நடக்கக் கூடியதைச் சுட்டும். 'லௌ' நடவாது போனதைச் சுட்டும். ஒன்று இல்லாமையால் மற்றொன்றும் இல்லாமற் போயிற்று என்பதை உணர்த்தும் சொல் என்று இலக்கண ஆசிரியர்கள் அதற்கு வரையறை கூறினர்.

மனித உள்ளம் இந்த 'லௌ'வை எளிதில் விடுவதில்லை. தோற்ற போரைப் பற்றிப் பேசும் எந்தச் சமுதாயத்திலும், 'அந்தப் பாலத்தைக் காத்திருந்தால்', 'அந்தத் தூதன் ஒரு நாழிகை முன்னதாக வந்திருந்தால்' என்னும் பேச்சைக் கேட்கலாம். இச்சொல்லுக்குத் திரைப்படம் உருவமும் ஓசையும் கொடுத்தது. இக்காலப் படைவீரன் இக்கால ஆயுதத்துடன் முற்காலப் போர்க்களத்தில் போய் இறங்குகிறான். பின்னர் என்ன நேரும் என்பதை அவன் அறிவான். அவனைச் சூழ்ந்திருப்போர் அறியார். இத்தகைய படங்களும், பழைய போர்களை நாடகமாக்கிக் காட்டும் தொடர்களும் நாடு மொழி கடந்து மக்களைக் கவர்ந்து வருகின்றன. அக்கவர்ச்சியின் வேர் எங்கே இருக்கிறது என்பது ஆராயத் தக்கது.

பழைய கற்பனையின் புதிய வடிவம்

ஒரு காலத்து மனிதன் வேறொரு காலத்தில் போய் நிற்கும் கருத்து புதியதன்று. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் உறங்கி எழுந்த குகைவாசிகளின் வரலாற்றை நாம் அறிவோம். அவர்களுள் ஒருவர் உணவு வாங்கக் கடைவீதிக்குச் சென்றார். அவர் கையில் இருந்த பழைய நாணயமே அவர் எக்காலத்தவர் என்பதைக் காட்டிக்கொடுத்தது என்று விரிவுரையாளர்கள் எழுதினர். அது முன்னோக்கிய பயணம். பின்னோக்கிச் செல்லும் கதையைப் போருடன் இணைத்துப் புகழ்பெறச் செய்தவர் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன். 1889-இல் வெளிவந்த அவரது நாவலில், ஹார்ட்ஃபோர்டு நகரத்து ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவன் ஆறாம் நூற்றாண்டில், ஆர்தர் மன்னனின் அவையில் போய்ச் சேர்கிறான். வெடிமருந்தையும் மின்சாரத்தையும் கொண்டு அந்நாட்டைச் சீர்திருத்த முற்படுகிறான். முடிவில் ஆயிரக்கணக்கான வீரர்களை மின்கம்பி வேலியில் கொன்று குவிக்கிறான். அப்பிணங்களின் நடுவே அவனும் அவன் தோழர்களும் சிக்கிக்கொள்கின்றனர். இன்றுவரை வரும் படங்களில் பலவற்றின் இன்பமும் துன்பமும் இந்த ஒரு நூலிலேயே அடங்கியுள்ளன எனலாம்.

ஒரு நாள் முன்னதாக வந்த கப்பல்

1980-இல் டான் டெய்லர் இயக்கிய 'தி ஃபைனல் கவுண்ட்டவுன்' என்னும் அமெரிக்கப் படத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 'நிமிட்ஸ்' என்னும் அணுவிசை விமானந்தாங்கிக் கப்பல் ஒரு விசித்திரமான புயலில் அகப்பட்டு, 1941 டிசம்பர் 6-ஆம் நாளில் போய் வெளிப்படுகிறது. மறுநாள் காலை ஜப்பானியர் பேர்ல் ஹார்பரைத் தாக்கப்போகின்றனர். கிர்க் டக்ளஸ் நடித்த கப்பல் தலைவரின் கையில் ஒலியினும் விரைந்து பறக்கும் போர் விமானங்கள் உள்ளன. ஜப்பானியக் கடற்படையை அவர் ஒரு பொழுதில் மூழ்கடித்துவிடலாம். அமெரிக்கக் கடற்படை உண்மையான நிமிட்ஸ் கப்பலிலேயே இப்படத்தை எடுக்க இசைவளித்தது.

அரங்கில் இருப்போர் எதிர்பார்த்துக் காத்திருப்பது அந்தப் போரைத்தான். ஆனால் அது நடைபெறுவதில்லை. விமானங்கள் புறப்பட்டுச் சென்ற பின்னர்ப் புயல் மீண்டும் தோன்றுகிறது. விமானங்கள் திரும்ப அழைக்கப்படுகின்றன. கப்பல் தன் காலத்துக்கே மீள்கிறது. பேர்ல் ஹார்பர் எரிந்தது எரிந்ததாகவே நிற்கிறது. நாற்பது ஆண்டுகள் ஆறாதிருந்த புண்ணை ஒரு கணம் தடவிக்கொடுத்துவிட்டு, அதை ஆற்ற இயலாது என்று படம் விலகிக்கொள்கிறது.

உண்மையில் அந்த நாளில் எதிர்காலத்திலிருந்து ஒரு கப்பல் வரவேண்டிய தேவை இருந்ததா? வரலாறு கூறுவதைக் கேளுங்கள். டிசம்பர் 7 காலை 6.45 மணியளவில் 'வார்ட்' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல், துறைமுக வாயிலருகே ஜப்பானியச் சிறு நீர்மூழ்கி ஒன்றைச் சுட்டு மூழ்கடித்துச் செய்தியும் அனுப்பிற்று. 7.02 மணிக்கு, ஓபானா என்னுமிடத்தில் ராடார்க் கருவியின் முன் இருந்த இரு சாதாரணப் படைவீரர்கள், சுமார் 130 மைல் தொலைவில் பெருந்திரளான விமானங்கள் வருவதைக் கண்டு தெரிவித்தனர். கலிஃபோர்னியாவிலிருந்து வரவேண்டிய நம் விமானங்களாக இருக்கும், கவலை வேண்டா என்று அவர்களுக்கு மறுமொழி கிடைத்தது. 7.55 மணியளவில் குண்டுகள் விழத் தொடங்கின. அன்று மாண்ட அமெரிக்கர் 2,403 பேர். அவர்களுள் 1,177 பேர் 'அரிஸோனா' என்னும் ஒரே கப்பலைச் சேர்ந்தவர்கள்.

எச்சரிக்கை இருந்தது, அதை எச்சரிக்கை என்று கொள்வார் இல்லை. இதை ஆராய்ந்து ரொபெர்ட்டா வோல்ஸ்டெட்டர் என்னும் பெண்மணி 1962-இல் வெளியிட்ட நூல், உண்மையான அறிகுறிகள் பயனற்ற இரைச்சலுக்குள் அமிழ்ந்து போனதை விளக்குகிறது. எந்த ஒலி அறிகுறி, எந்த ஒலி இரைச்சல் என்பது நடந்து முடிந்த பிறகே தெளிவாகிறது. காலப்பயணப் படங்களின் முதற் கவர்ச்சி இதில்தான் பிறக்கிறது. இரைச்சலை முழுவதும் நீக்கி, உண்மையை மட்டும் கையில் ஏந்திய ஒருவனை அவை நம் முன் நிறுத்துகின்றன. அன்றாட வாழ்வில் எவருக்கும் கிட்டாத அந்தத் தெளிவுக்காக நாம் ஏங்குகிறோம்.

பீரங்கி வண்டிக்கு எண்ணெய் எங்கே?

இரண்டாவது சான்று ஜப்பானியப் படம். ஹன்முரா ரியோ எழுதிய நாவலைத் தழுவி, சைதோ கோசெய் இயக்கி 1979-இல் வெளிவந்த 'செங்கோக்கு ஜியெய்தாய்' அது. ஜப்பானியத் தற்காப்புப் படையைச் சேர்ந்த ஒரு சிறு பிரிவு, பீரங்கி வண்டியுடனும் ஹெலிகாப்டருடனும் பதினாறாம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் போய் விழுகிறது. சோனி சிபா நடித்த அதன் தலைவன் இபா, பிற்காலத்தில் உவெசுகி கென்ஷின் என்று பெயர்பெற்ற நாகாவோ காகெதோராவுடன் நட்புக் கொண்டு, தாகெதா ஷிங்கெனின் பெரும்படையை எதிர்க்கிறான். வரலாற்றின் போக்கைக் கலைத்தால் காலமே தங்களைத் திருப்பி அனுப்பிவிடும் என்பது அவன் எண்ணம்.

இப்படம் ஜப்பானியர் உள்ளத்தில் எதைத் தொட்டது என்பதை அறிய, அந்நாட்டின் 1947-ஆம் ஆண்டு அரசியலமைப்பை நினைவிற்கொள்ள வேண்டும். அதன் ஒன்பதாம் பிரிவு போரையே துறந்தது. 1954-இல் அமைந்த தற்காப்புப் படை, போரிடாத படையாகவே வளர்ந்தது. ஆயுதம் ஏந்தியும் போர்க்களம் காணாத அவ்வீரர்களை, போரே வாழ்வாயிருந்த காலத்துக்கு இக்கதை அனுப்பிவைத்தது. அப்படையின் உதவி இப்படத்துக்குக் கிடைக்கவில்லை; பீரங்கி வண்டியைப் படப்பிடிப்புக் குழுவினரே செய்துகொள்ள வேண்டியதாயிற்று. 2005-இல் இக்கதை மீண்டும் படமானபோது அதே படை உதவிக்கரம் நீட்டியது. கால் நூற்றாண்டில் ஒரு நாட்டின் மனம் எவ்வளவு மாறிற்று என்பதற்கு இதுவும் ஓர் அடையாளம்.

ஆனால் 1979-ஆம் ஆண்டுப் படத்தின் சிறப்பு அதன் வீழ்ச்சிப் பகுதியிலேயே இருக்கிறது. குண்டுகள் தீர்கின்றன, எந்திரங்கள் அழிகின்றன, ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக மடிகின்றனர். எஞ்சிய சிலரையும் நண்பன் காகெதோராவின் ஆட்களே கொன்றுவிடுகின்றனர். இவ்விடத்தில் இப்னு கல்தூன் நினைவுக்கு வருகிறார். 1332-இல் தூனிஸில் பிறந்த அப்பேரறிஞர், 1377-இல் எழுதிய முகத்திமாவில் வரலாற்றாசிரியர்களுக்கு ஓர் உரைகல்லைத் தந்தார். மூஸா நபியின் படையில் ஆறு லட்சம் வீரர்கள் இருந்தனர் என்று மஸ்ஊதி போன்றோர் எழுதியதை அவர் ஏற்கவில்லை. அத்துணைப் பேரை ஒரு களத்தில் நிறுத்த இடம் ஏது, ஒரு கோடியில் நிற்பவன் மறு கோடியில் நடப்பதை எவ்வாறு அறிவான், அவ்வளவு பெரும் படையை ஒரு நாடு எவ்வாறு தாங்கும் என்று அவர் வினவினார்.

அதே வினாவைக் காலப்பயணப் படங்களிடமும் கேட்கலாம். பீரங்கி வண்டிக்கு எண்ணெய் எங்கிருந்து வரும்? நிமிட்ஸ் கப்பலின் அணு உலைகள் பல ஆண்டுகள் இயங்கும் என்பது மெய்யே. அதன் விமானங்களுக்கு எரிபொருளும், ஏறத்தாழ ஐயாயிரம் பேருக்கு உணவும் 1941-இல் யார் தருவார்? ஓர் ஆயுதம் தனித்து வெல்வதில்லை. அதன் பின்னே சுரங்கமும், ஆலையும், தொழிலாளியும், சாலையும், கல்விக்கூடமும் நிற்கின்றன. அவற்றை விட்டுவிட்டு ஆயுதத்தை மட்டும் தூக்கிச் சென்றவன் சில நாட்களில் வெறுங்கையன் ஆகிறான். 'அன்று நம்மிடம் ஒரு பீரங்கி இருந்திருந்தால்' என்று ஏங்குவோர் சிந்திக்க வேண்டிய இடம் இது.

பேரர்கள் கண்ட களம்

மூன்றாவது சான்று உருசிய நாட்டுடையது. 2008-இல் ஆந்திரேய் மல்யூகோவ் இயக்கிய 'மி இஸ் பூதுஷ்செவோ' என்னும் படத்தின் பெயருக்கு 'நாங்கள் எதிர்காலத்திலிருந்து வந்தவர்கள்' என்பது பொருள். பழைய போர்க்களங்களைத் தோண்டி, மாண்ட வீரர்களின் பதக்கங்களை விற்றுப் பிழைக்கும் நான்கு இளைஞர்களே கதைத்தலைவர்கள். அவர்களுள் ஒருவன் உடம்பில் நாஜிகளின் சின்னத்தையே பச்சை குத்திக்கொண்டவன். தோண்டிய இடத்தில் தங்கள் பெயரும் படமும் கொண்ட படைவீரர் சான்றிதழ்கள் கிடைக்கின்றன. திகைத்துப்போய் ஏரியில் மூழ்கி எழுந்தால், 1942-ஆம் ஆண்டின் போர்முனையில் நிற்கின்றனர்.

லெனின்கிராடு நகரம் 872 நாள் முற்றுகையில் கிடந்து, லட்சக்கணக்கான மக்களைப் பசிக்கும் குளிருக்கும் குண்டுகளுக்கும் பலிகொடுத்தது. அந்த மண்ணில்தான் இவர்கள் பதக்கம் தோண்டினார்கள். இப்படத்தில் எவரும் வரலாற்றை மாற்றப் போகவில்லை. மாறித் திரும்புவோர் அந்த இளைஞர்களே. இறுதியில், பச்சை குத்தியவன் அந்தச் சின்னத்தைக் கல்லால் தேய்த்து அழிக்க முயல்கிறான். முன்னோரின் தியாகத்தைப் பாடநூலில் படித்து மறந்த ஒரு தலைமுறைக்கு, அதை உடம்பில் வலியாக உணர்த்த வேண்டும் என்னும் ஆவல் இதில் இருக்கிறது.

பார்வையாளனே பயணி

இனி, காலப்பயணம் இல்லாத வரலாற்று நாடகங்களைப் பார்ப்போம். முஸ்தஃபா அக்காத் இயக்கி 1981-இல் திரையிடப்பட்ட 'லயன் ஆஃப் தி டெசர்ட்' லிபியாவின் உமர் முக்தாரைப் பற்றியது. குர்ஆன் கற்பித்த ஆசிரியராகிய அவர், எழுபது வயதைக் கடந்த நிலையில் இத்தாலியரால் பிடிக்கப்பட்டு 1931 செப்டம்பர் 16-இல் தூக்கிலிடப்பட்டார். படம் தொடங்கும்போதே முடிவு நமக்குத் தெரியும். அவர் குதிரையில் ஏறும் ஒவ்வொரு முறையும் 'இம்முறை போகாதீர்' என்று நம் உள்ளம் கூவுகிறது. அவரோ கேட்பதில்லை. இங்கே காலப்பயணி திரைக்குள் இல்லை. இருக்கையில் அமர்ந்திருக்கும் நாமே அவன். நமக்கு அறிவு உண்டு; கை இல்லை. அந்த இயலாமையே கண்ணீராகிறது. பழைய கெய்ரோவின் காப்பிக்கடைகளில் பைபர்ஸின் கதையைக் கேட்டவர்களும், நம் முன்னோருள் படைப்போர் இலக்கியங்களை விடிய விடியப் பாடக் கேட்டவர்களும் இதே இன்பத்தைத்தான் நுகர்ந்தனர்.

அப்படத்துக்குப் பொருள் கொடுத்தது அன்றைய லிபிய அரசு. ஆயினும் சிரெனைக்காவின் மக்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரை இத்தாலியர் முகாம்களில் அடைத்தனர் என்பது வரலாற்றாசிரியர் ஒப்பிய உண்மை. இத்தாலி 1982-இல் அப்படத்தைத் தடைசெய்தது; அங்குத் தொலைக்காட்சியில் அது காட்டப்பட்டது 2009-இல்தான். பணம் கொடுத்தவரைக் கொண்டு மட்டும் ஒரு படத்தின் உண்மையை அளந்துவிட முடியாது என்பதற்கு இது சான்று.

மறுபக்கமும் உண்டு. 2014 முதல் 2019 வரை துருக்கித் தொலைக்காட்சி ஒளிபரப்பிய 'திரிலிஷ் எர்துக்ருல்' தொடர் 150 பகுதிகள் கொண்டது. உலகெங்கும் முஸ்லிம் இல்லங்களில் அது விரும்பிப் பார்க்கப்பட்டது. உதுமானியப் பேரரசின் மூலவரான உதுமானின் தந்தை எர்துக்ருலைப் பற்றி அவர் காலத்துச் சான்றாக வரலாற்றாசிரியர்கள் காட்டுவது, 'எர்துக்ருலின் மகன் உதுமான்' என்று பொறித்த ஒரு நாணயத்தைத்தான். இன்று கிடைக்கும் உதுமானிய வரலாற்று நூல்களோ பதினைந்தாம் நூற்றாண்டில் எழுந்தவை. ஒரு நாணயத்துக்கும் 150 பகுதிகளுக்கும் இடைப்பட்ட பரப்பு முழுவதும் கற்பனையாளரின் விளைநிலம். கற்பனை குற்றமன்று. அதை மெய்யென்று மாணவர் தேர்வுத்தாளில் எழுதத் தொடங்கும்போது ஆசிரியனுக்குக் கவலை பிறக்கிறது. குகைவாசியைக் கடைவீதியில் அடையாளம் காட்டியதும் நாணயமே. வரலாற்றுக்கும் நாணயம் வேண்டும்; சொல்லின் இரு பொருளிலும் வேண்டும்.

ஆகவே, இளைஞர்களை இப்படங்களிலிருந்து விலக்குவதை விட, படம் முடிந்ததும் மூன்று கேள்விகள் கேட்கப் பழக்குவது நன்று. இதை எடுத்தவர்க்கு உள்ளத்தில் இருந்த புண் எது? இப்படைக்கு உணவும் எண்ணெயும் எங்கிருந்து வந்தன? இதற்குச் சான்றான நாணயம் எது? இம்மூன்றையும் கேட்டவன் படத்தின் இன்பத்தை இழப்பதில்லை, ஏமாறுவதுமில்லை.

நான்காவதாக ஒரு கேள்வி உண்டு. அதைத் திரையிடம் கேட்க இயலாது. ஓபானாவில் அவ்விரு வீரர்களும் கண்டு சொன்னதற்கும் முதற் குண்டு விழுந்ததற்கும் இடையே 53 நிமிடங்கள் இருந்தன. அந்த 53 நிமிடங்களும் அன்றைய மனிதர்களுக்கு 'இன்'னாக இருந்தவை. நமக்குத்தான் அவை 'லௌ' ஆயின. இன்று நம் வீட்டிலும் ஊரிலும் நாட்டிலும் யாரோ இரு எளியவர்கள் எதையோ கண்டு வந்து சொல்லிக்கொண்டிருக்கலாம். கவலை வேண்டா என்று அவர்களுக்கு மறுமொழி கூறியவர் யார் என்று பார்ப்பதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.