நீர்ச்சக்கர நோயும் ஆறாத புண்ணும்

நீரிழிவுக்கு அரபு மருத்துவ நூல்கள் 'தூலாப்' என்றொரு பெயரையும் வழங்கின. நீர் இறைக்கும் சக்கரம் என்பது அதன் பொருள். சக்கரம் ஒருபுறம் முகந்து மறுபுறம் கொட்டுவது போல், நோயாளி ஓயாது பருகுகிறான், பருகியதெல்லாம் சிறுநீராய் வெளியேறுகிறது, தாகமோ தணிவதில்லை. இந்நோயின் இயல்பை இதனினும் தெளிவாக ஒரு சொல்லில் உணர்த்த இயலுமோ?

புகாராவுக்கு அருகே கி.பி. 980-இல் பிறந்து, 1037-இல் ஹமதானில் மறைந்த மருத்துவ மேதை இப்னு சீனா, ஐந்து பாகங்கள் கொண்ட தம் 'அல்கானூன்' என்னும் பெருநூலில் இந்நோயை ஆராய்ந்தார். சிறுநீரின் இனிப்பையும் சதை அழுகும் கொடுமையையும் அவர் இந்நோயோடு சேர்த்துக் கண்டார் என்றும், வெந்தயமும் லூபின் என்னும் பயறும் சேர்ந்த கலவையை மருந்தாக வகுத்தார் என்றும் மருத்துவ வரலாற்றாசிரியர்கள் எழுதுவர். அவருக்குப் பின், பக்தாதைச் சேர்ந்த அப்துல் லத்தீஃப் (1162–1231) நீரிழிவுக்கென்றே தனி நூல் இயற்றினார்.

இந்திய மருத்துவர் சுசுருதரும் இந்நோயில் தோன்றும் கட்டிகளை விரித்துரைத்தவரே. அவர் நூலை அப்பாசியர் காலத்திலேயே பக்தாதில் அரபியாக்கினார்கள். நல்லறிவு எங்கிருப்பினும் அதனைத் தமதாக்கிக்கொண்ட பண்பு அது.

சர்க்கரைக்கும் புண்ணுக்கும் உள்ள உறவை இன்றைய மருத்துவம் விளக்குகிறது. நெடுநாள் மிகுந்த சர்க்கரை நரம்புகளைக் கெடுக்கிறது. காலில் முள் தைத்தாலும் நோயாளி உணர்வதில்லை. இரத்தக் குழாய்கள் குறுகுவதால் புண்ணுக்கு வேண்டிய இரத்தம் போய்ச் சேர்வதில்லை. கிருமிகளோ செழிக்கின்றன. ஆகவே, மேலே பூசும் மருந்தால் மட்டும் இப்புண் ஆறாது.

அப்படியாயின் மூலிகைகள் வீணா? இல்லை. ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் வளரும் 'கலேகா' என்னும் செடியின் வரலாற்றைக் கேளுங்கள். ஆடுகளுக்கு நஞ்சாகும் செடி அது. அதிலிருந்து பிரித்தெடுத்த 'கலேகின்' என்னும் பொருள் சர்க்கரையைக் குறைப்பதை அறிஞர்கள் கண்டனர். 1920-களில் நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தனர். அதே இனத்தைச் சேர்ந்த, தீங்கு குறைந்த 'மெட்ஃபார்மின்' 1922-இல் ஆய்வகத்தில் உருவாயிற்று. அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே டொரண்டோவில் ஒரு சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டது. அதன் புகழில் மற்றவை மறக்கப்பட்டன. பின்னர் 1957-இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் மெட்ஃபார்மினின் பயனை வெளியிட்டார். இன்று நம் வீடுகளில் பலர் உண்ணும் மாத்திரை அதுவே.

செடி மருந்தானது புகழ்ச்சியால் அன்று, சோதனையால். அளவு காணப்பட்டது, நஞ்சு விலக்கப்பட்டது. வெந்தயத்தின் நார் சர்க்கரை குருதியில் கலப்பதைத் தாமதப்படுத்தும் என்பது உண்மையே. உணவில் அது இருக்கட்டும், மருத்துவரிடமும் சொல்லிவிடுவோம். ஆனால், அதை நம்பி இன்சுலினையும் மாத்திரையையும் நிறுத்துவதும், கால் புண்ணில் பச்சிலையை அரைத்துக் கட்டி நாட்களைக் கடத்துவதும் காலையே இழக்கச் செய்யும். சிலவேளை உயிரையும் வாங்கும்.

இப்னு சீனாவின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் நாம், அவர் காலத்து மருந்தோடு நின்றுவிடுவது அவருக்குச் செய்யும் சிறப்பாகாது. நோயாளியை உற்று நோக்கி உண்மையைத் தேடிய அவருடைய கண்ணே நமக்கு வேண்டிய மரபுச் செல்வம். நம் வீட்டுப் பெரியவர்களின் பாதங்களை நாள்தோறும் அக்கண்ணால் பார்ப்போமாக!