இணையவழித் தொழில்நுட்பக் கல்வி வளங்கள்: பெரம்பலூர், அரியலூர்

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில், ஓடைக்கரையில், சுமார் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. 1940இல் அதை அடையாளம் கண்டவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன். அத்துறைக்கு முதல் இந்திய இயக்குநரானவரும் அவரே. 1943இல் வெளியான அவருடைய ‘ஜியாலஜி ஆஃப் இந்தியா அண்ட் பர்மா’ பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூலாக இருந்தது. கல்மரம் போட்ட இடத்திலேயே இருக்கிறது. நூலோ காகிதத்திலிருந்து இணையத்துக்கு ஏறி, அங்கே ஒரு வீட்டை இழந்து, இன்னொரு வீட்டில் குடியேறியிருக்கிறது. இந்த இரு மாவட்டங்களிலும் தொழில்நுட்பம் படிக்கிறவர்களின் மின்வளங்கள் எப்படிப் பரவின, எவை தங்கின என்பதை அந்த நூலின் வழியே தொடரலாம்.

இவ்வட்டாரத்தைப் பற்றிய தொழில்நுட்ப எழுத்து இணையத்துக்கு மிக முந்தையது. ஹென்றி பிளான்ஃபோர்டு 1862இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் இங்குள்ள கிரெட்டேசியஸ் காலப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பிரித்தார். அரியலூர் என்ற ஊர்ப்பெயர் உலகப் புவியியலில் நுழைந்தது அப்படித்தான். அடுத்து வந்த ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா இங்கு கிடைத்த நத்தை, சிப்பிப் புதைபடிவங்களைப் படங்களோடு தொகுதி தொகுதியாக விவரித்தார். அந்தப் பாறைகளிலுள்ள சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் எழுந்தன. ஆனால் இவ்வூர் மண்ணைப் பற்றிய அந்தத் தொகுதிகளை இவ்வூர்ப் பிள்ளைகள் புரட்டிப் பார்க்க வேண்டுமென்றால் பெருநகர நூலகங்களுக்கு அலைய வேண்டியிருந்தது. ஸ்டோலிச்காவின் தொகுதிகள் இன்று இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 1874இல் மறைந்தவரின் எழுத்துக்குக் காப்புரிமைத் தடையும் இல்லை.

கல்லூரிகள் வந்தது தாமதம்தான். பெரம்பலூர் 1995இல் மாவட்டமானது. அரியலூர் 2001இல் பிரிந்து, மறு ஆண்டே பழையபடி சேர்ந்து, 2007 நவம்பரில் மீண்டும் தனியானது. அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியாக அரியலூரில் பொறியியல் கல்லூரி 2008இல் தொடங்கியது. பெரம்பலூரில் தனியார் கல்லூரிகள் அதற்கு முன்பே வந்துவிட்டன.

அந்நேரம் ஐ.ஐ.டி. பாடங்கள் வெளியே வரத் தொடங்கியிருந்தன. 1999இல் சென்னை ஐ.ஐ.டி.யில் நடந்த ஆலோசனைகளில் முளைத்த என்.பி.டி.இ.எல். திட்டம் 2003இல் நடைமுறைக்கு வந்தது. 7 ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இதில் சேர்ந்தன. நோக்கம் எளியது: நல்ல ஆசிரியர் கிடைக்காத கல்லூரிக்கும் நல்ல பாடம் போய்ச்சேர வேண்டும். தடை, இணைப்பின் வேகம். ஒரு மணி நேர வகுப்பை இறக்குவதற்குள் அரை நாள் கழிந்துவிடும் காலத்தில், பாடங்களை ஹார்டு டிஸ்கில் ஏற்றிக் கல்லூரிகளுக்குக் கொடுத்தார்கள். கல்லூரியின் உள் வலையமைப்பில் அதைப் போட்டுவிட்டால் இணையமே வேண்டாம்.

மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் இந்தச் சிக்கலை வேறு விதமாகப் பிடித்தது. கண்ணன் மௌத்கல்யா தலைமையில், சைலாப், லேடெக் போன்ற கட்டற்ற மென்பொருள்களைச் சுமார் 10 நிமிடத் துண்டுகளாகக் கற்பித்தார்கள். திரையில் ஆங்கிலம் ஓட, காதில் தமிழ் கேட்கும். துண்டு சிறியது, ஒரு பென்டிரைவில் பல பாடங்கள் அடங்கும். இவற்றையெல்லாம் போட்டுப் பார்க்க ஒரு கருவியும் 2011 முதல் கைக்கு வந்தது: தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினி.

இவை அதிகாரபூர்வமான வழிகள். தேர்வுக்கு முந்தின இரவு மாணவர் தேடுவது வேறு. ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் ஸ்பைரல் நோட்ஸ், சீனியர் விட்டுப்போன வினாத்தாள் கட்டு, ‘டூ மார்க்ஸ்’ தொகுப்பு. இப்போது அதே சரக்கு வாட்ஸ்அப் குழுவில் டிரைவ் லிங்காக வருகிறது. பரவுவதில் இதற்கு இணையில்லை. ஆனால் ஆயுள் குறைவு. லிங்கின் சொந்தக்காரர் படிப்பை முடித்து, இடம் போதவில்லை என்று கோப்புகளை அழித்தால், ஒரே நாளில் நான்கு ஆண்டுச் சேகரம் போய்விடும். அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டமும் 2013, 2017, 2021 என்று மாறிக்கொண்டே வந்தது. பழைய நோட்ஸை யாரும் பொருட்படுத்துவதில்லை, அரியர் வைத்திருப்பவரைத் தவிர. ஜெராக்ஸ் கடை அலமாரியே இந்த விஷயத்தில் மேல். அங்கே பத்தாண்டுப் பழைய கட்டும் தூசியோடு கிடக்கும்.

மாணவர் டிரைவுக்கு நேர்வது பெரிய நிறுவனங்களுக்கும் நேரும். இந்திய அறிவியல் கழகம் முன்னின்று நடத்திய டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா, லட்சக்கணக்கான நூல்களை மின்படியாக்கியது. காப்புரிமைக் கேள்விகள் எழுந்தன, தளம் முடங்கியது. அதற்குள் அமெரிக்கரான கார்ல் மாலமுட், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களைப் படியெடுத்து இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றியிருந்தார். கிருஷ்ணனின் பாடநூல் தப்பியது அந்தப் படியில்தான். சட்டக் கணக்கு இன்னும் தீரவில்லை. கிருஷ்ணன் 1970இல் மறைந்தார். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு என்ற இந்தியச் சட்டப்படி 2030 முடியும்வரை அவர் நூலுக்குக் காப்புரிமை உண்டு. ஆக, காப்பாற்றியவரும் விதியை வளைத்துத்தான் காப்பாற்றியிருக்கிறார்.

தமிழில் இந்தச் சிக்கல் குறைவு, ஏனென்றால் பெரும்பகுதி அரசின் சொத்து. 1960கள், 70களில் கல்லூரிப் படிப்புக்கென அரசு தமிழில் வெளியிட்ட அறிவியல் பாடநூல்கள் அச்சில் இல்லாமல் போய் நெடுநாளாயிற்று. 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், பின்னர் தமிழ் இணையக் கல்விக்கழகமாகி, அவற்றில் நூற்றுக்கணக்கானவற்றைத் தன் மின்னூலகத்தில் வைத்திருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியபோது கலைச்சொல்லுக்குக் கைகொடுக்கக்கூடிய கையிருப்பு இதுதான். 2023 மே மாதம் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் தமிழ்வழிப் பிரிவை நிறுத்துவதாக அறிவித்த பல்கலைக்கழகம், எதிர்ப்பு கிளம்பியதும் அதைத் திரும்பப் பெற்றது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு இப்போது பட்டய, பட்டப் படிப்புகளுக்கான பாடநூல்களைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் இ-கும்ப் தளத்தில் கட்டணமின்றித் தருகிறது. பிடிஎஃப் கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம். அங்கிருந்து அவை வழக்கம்போல வாட்ஸ்அப் குழுக்களுக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் போய்விடும்.