பெண் வேடமும் ஓவியமும்
கோலாலம்பூர்க் கலை வரலாற்றில் ஒரு கூறு

மணிமேகலைக் காப்பியத்துள் 'மலர்வனம் புக்க காதை' என்பது ஒன்று. மணிமேகலையும் சுதமதியும் உவவனம் நோக்கிப் புகார் நகரத்து வீதிவழியே செல்கின்றனர். அவ்வீதியில் மக்கள் ஆங்காங்கே கூடி நின்று வேடிக்கை பார்க்கின்றனர். ஓரிடத்தில் பேடு என்னும் கூத்து நிகழ்கிறது. தாடியும் கூந்தலும் ஒருங்கே கொண்டு, காதில் வெண்தோடு அணிந்து, ஆண் என்றும் பெண் என்றும் பிரித்துணர முடியாத கோலத்தில் கூத்தர் ஆடுகின்றார். அதனை அடுத்து, செங்கல்லால் எழுப்பிய உயர்ந்த மனைகளின் சுவர்களில் தீட்டிய ஓவியங்களை வேறு சிலர் கண்டு நிற்கின்றனர். வானவர் முதலாக எல்லா உயிர்களும் அச்சுவர்களில் இடம் பெற்றிருந்தன என்கிறார் சாத்தனார்.

கூத்தைக் கண்டவர் வேறு. ஓவியத்தைக் கண்டவர் வேறு. வீதியில் ஆடிய கூத்தருடைய உருவம் அந்தச் சுவரில் ஏறியதாகக் காப்பியம் கூறவில்லை. இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றினும் ஆராயத்தக்கது. வேடத்திற்கு ஒரு முடிவு உண்டு. விடிந்ததும் அரிதாரம் கலைக்கப்படும்; ஆடியவர் தம் வீட்டுப் பெயருக்குத் திரும்புவார். ஓவியத்திற்கோ விடியல் இல்லை. மேடையில் ஓர் இரவு மட்டும் பொறுத்துக்கொள்ளப்பட்ட உருவத்தை அது எக்காலத்தும் நிற்கச் செய்துவிடுகின்றது. ஆகவே மேடை எழுப்பாத வினாவை ஓவியம் எழுப்புகின்றது. கோலாலம்பூரிலும் அதனைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கிலும் இவ்வினா எவ்வாறு உருப்பெற்றது என்பதை அறிய, முதலில் தமிழ் மேடையின் வழக்கத்தை நோக்குதல் வேண்டும்.

மேடை தந்த இசைவு

பேடாடல் காமன் ஆடியது என்பது மரபு. வாணனுடைய சோ நகரில் சிறைப்பட்ட அநிருத்தனை மீட்கும் பொருட்டு அவன் அக்கோலம் பூண்டான் என்பர். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடல்களுள் இதுவும் ஒன்று. ஆணாகிய தெய்வம் பூண்ட இருபாற் கோலத்தை ஒரு பெண் அரங்கில் ஆடிக் காட்டுகிறாள். பால் மாறி நடிப்பது தமிழ் மேடைக்குப் புதுமையன்று என்பதற்கு இஃதொன்றே போதிய சான்றாகும்.

பிற்காலத்தில் இவ்வழக்கம் தொழிலாகவே வளர்ந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்துச் சிறுவர் நாடகக் குழுக்களில் ராஜபார்ட்டைப் போலவே ஸ்திரீ பார்ட்டுக்கும் தனிப் பயிற்சி அளிக்கப்பெற்றது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை கற்றவர்களின் சபை. அங்கும் கதாநாயகியாக நடித்தவர் ரங்கவடிவேலு என்னும் ஆடவரே. முதலியார் தம் 'நாடக மேடை நினைவுகள்' நூலில் அவரைப் பன்முறை நெகிழ்ந்து குறிப்பிடுகின்றார். டி. கே. சண்முகம் ஔவையாராக நடித்துப் பெற்ற புகழால், 'ஔவை' என்னும் சொல் அவர் பெயருக்கு முன் நிலையாக ஒட்டிக்கொண்டது. மறுபுறத்தில், கே. பி. சுந்தராம்பாள் 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே தோன்றினார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். 1941-இல் எம். எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதரானார். இவற்றையெல்லாம் ஊரார் குறை கூறவில்லை, விரும்பிக் கண்டனர்.

இம்மேடைக்கு அருகிலேயே ஓவியரும் இருந்தனர். ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் நிறுவிய பின்னர், அவர் தீட்டிய சகுந்தலையும் தமயந்தியும் வீடுதோறும் சுவரில் ஏறினர். மராட்டிய மேடையில் பெண் வேடம் பூண்டு பெரும்புகழ் எய்திய பாலகந்தர்வர் (1888–1967) சேலை கட்டிய பாங்கைக் குடும்பப் பெண்கள் பின்பற்றினர் என்பர். ஓவியத்து நாயகியும் மேடை நாயகியும் ஒருவரை ஒருவர் பார்த்து ஒப்பனை செய்துகொண்ட காலம் அது. தமிழகத்தில் கொண்டையராஜு நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதியவர். பின்னர்க் கோவில்பட்டியில் தங்கி, நாட்காட்டிகளுக்குத் தெய்வப் படங்கள் தீட்டினார். மேடையின் ஒளியும் அணியும் நாட்காட்டித் தெய்வங்களுக்கு வந்து சேர்ந்தது இவ்வழியால்தான். எனினும் வீட்டுச் சுவரில் இடம் பெற்றவள் சகுந்தலை. சகுந்தலையாக நடித்த ஆடவன் அல்லன்.

கடல் கடந்த இரவுகள்

இந்த நாடக மரபு கப்பலேறி மலாயாவுக்கு வந்தது. பினாங்கிலும், 1901-இல் திறக்கப்பெற்றுப் பின்னர்க் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறிய சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் தமிழர் வந்திறங்கினர். ரயில்வேயில் வேலை பெற்றவர் பலர் பிரிக்பீல்ட்ஸில் குடியமர்ந்தனர். செங்கற்சூளைகளால் பெயர் பெற்ற ஊர் அது. ஏனையோர் தோட்டங்களுக்குச் சென்றனர். தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் நாடகம் நடக்கும். பகலில் பால்மரம் சீவியவரே இரவில் வள்ளியாகவும் சந்திரமதியாகவும் வருவர்.

மலாய் மக்களின் 'பங்சாவான்' நாடகமும் இந்தியாவிலிருந்து பினாங்குக்கு வந்த பார்ஸி நாடகக் குழுக்களைக் கண்டு தோன்றியதே. வண்ணத் திரைச்சீலைகளும் இடையிடையே பாட்டும் கூத்தும் அதன் இயல்புகள். நகரம் வளர்ந்தபொழுது இக்கலைகள் கேளிக்கைப் பூங்காக்களுள் புகுந்தன. கோலாலம்பூரின் புக்கிட் பிந்தாங் பூங்கா அவற்றுள் பெயர் பெற்றது. ஜோகெட் நடனமும் மேடைக் காட்சிகளும் அங்கு இரவெல்லாம் நிகழ்ந்தன. சான் வாய் சாங் என்னும் பெண், ரோஸ் சான் (1925–1987) என்ற பெயரால் ஆடை களையும் நடனத்தில் மலாயா முழுவதும் அறியப்பட்டது இத்தகைய பூங்காக்களின் மேடைகளில்தான். பகலுக்கு ஒரு பெயர், இரவுக்கு ஒரு பெயர் என்பது அக்காலத்துக் கேளிக்கை உலகின் நடைமுறை. அப்பூங்கா 1972-இல் மூடப்பெற்றது. அவ்விடத்தில் எழுந்த சுங்கை வாங் வணிக வளாகம் 1977-இல் திறக்கப்பெற்றது. இரவு மேடையின் சுவடு அங்கு இன்று காணக் கிடைப்பதில்லை.

துணியில் மறைந்த வினா

அந்தப் பூங்காக்கள் ஒளிவீசிய அதே காலத்தில், அதே நகரத்தில், ஓவியர் சிலர் வேறொரு வழியில் முயன்றனர். பீட்டர் ஹாரிஸ் என்னும் ஆங்கிலேயர் 1952-இல் கோலாலம்பூரில் புதன்கிழமை ஓவியக் குழுவைத் தொடங்கினார். அதில் பயின்றவருள் ஒருவர் பாட்ரிக் இங் கா ஓன். மலாயா விடுதலை பெற்ற 1957-இல் அவர் தீட்டிய ஓவியத்தின் பெயர் 'பாத்தேக் மலாயா'. 1958-இல் தம் உருவத்தைத் தாமே தீட்டினார். அவ்வாண்டிலேயே 'மண், நீர், காற்று ஆகியவற்றின் ஆவி' என்னும் புகழ்பெற்ற ஓவியத்தையும் படைத்தார். இடைவெளியின்றி நிறைந்த செடிகொடிகளின் நடுவே கைகளை உயர்த்தி நிற்கும் மனித உருவங்களை அதில் காண்கிறோம். அந்நிலை ஆடுவார் நிலையை ஒத்தது.

பாத்தேக் துணியை இவர் விரும்பியது கூர்ந்து நோக்கத்தக்கது. மலாயாவில் கைலி இருபாலார்க்கும் பொதுவான உடை. கட்டும் முறையில் வேறுபாடு உண்டேயன்றித் துணியில் இல்லை. ஆகவே துணியையே முதன்மையாக்கும் ஓவியம், ஆண் பெண் என்னும் எல்லையை ஓசையின்றி நெகிழ்த்திவிடுகின்றது. கலை வரலாற்றாய்வாளர் சைமன் சூன், இங்கின் பாத்தேக் ஓவியங்களை இந்தக் கோணத்திலேயே ஆராய்ந்திருக்கிறார். விடுதலைக் காலத்துத் தேசிய ஓவியம் என்று மட்டும் போற்றப்பட்டு வந்தவற்றுள், வேடத்தைப் பற்றியும் பாலினத்தைப் பற்றியும் ஒரு பேச்சு மறைந்திருந்தது என்பதை அறிய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

தமிழ்க்கூத்து மரபோடு நெருங்கிய நிகழ்ச்சி அடுத்த தலைமுறையில் உண்டாயிற்று. 1981-இல் நுண்கலைக் கோயில் என்னும் அமைப்பு தோன்றிப் பிரிக்பீல்ட்ஸ் இசைக்கும் நடனத்திற்கும் நிலைக்களமாயிற்று. 1983-இல் ராம்லி இப்ராஹிம் 'சூத்ரா' நடனக் குழுவை நிறுவினார். சிலாங்கூர் மாநிலத்துக் காஜாங்கில் 1953-இல் பிறந்த மலாய் முஸ்லிமான அவர், அடையாறு லட்சுமணனிடம் பரதமும் தேவபிரசாத் தாஸிடம் ஒடிசியும் கற்றவர். ஆடவர் ஒருவர் சேலை உடுத்தாமல், கூந்தல் வைத்துக்கொள்ளாமல், முகத்தாலும் கையாலும் மட்டுமே நாயகியாகின்றார். ஸ்திரீ பார்ட்டு ஒப்பனையால் பெண்ணாயிற்று. இங்கு அபிநயம் ஒன்றே அதனைச் செய்கின்றது. சூத்ராவின் ஒளியமைப்பாளரான சிவராஜா நடராஜன் ஓவியரும் ஆவார். ஆடுவோரைத் தொடர்ந்து தீட்டியவர். மேடைக்கு விளக்கமைப்பவரே திரைச்சீலையை விட்டு ஆடுவோரின் உருவத்தைத் தீட்ட வந்தமையால், புகாரில் தனித்தனியே நின்ற கூத்தும் ஓவியமும் ஒரு கூரையின் கீழ் வந்தன.

அகற்றப்பட்ட படங்கள்

இவ்வளவும் கலைக்குள் நிகழ்ந்தவை. வேடம் அல்லாத வாழ்வை உருவப்படம் காட்டியபொழுது நேர்ந்தது வேறு. ஆணுடலோடு பிறந்து பெண்ணாக வாழும் முஸ்லிம்கள் மூவர், பெண்ணுடை அணிவதைக் குற்றமாக்கிய நெகிரி செம்பிலான் மாநிலச் சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 2014 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்த முறை தவறு என்று கூறி 2015 அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிற்று. 2018 ஆகஸ்டில் பினாங்கு ஜார்ஜ் டவுன் விழாக் கண்காட்சி ஒன்றில், திருநங்கையர் உரிமைக்காகப் பாடுபடும் நிஷா அயூப்பின் உருவப்படமும், பாங் கீ தேயிக்கின் உருவப்படமும் அமைச்சரின் அறிவுறுத்தலால் அகற்றப்பெற்றன. அவை புகைப்படங்களே. எனினும் இங்குக் கூறிவரும் வினாவிற்கு அவற்றைவிடத் தெளிவான சான்று இல்லை. மேடையில் நூறாண்டு காலம் கைதட்டல் பெற்ற கோலம், பெயரோடு சுவரில் நிலைத்து நின்றபொழுது பொறுத்துக்கொள்ளப்படவில்லை. 'இவர் இன்னாராக நடிக்கிறார்' என்பதை உலகம் ஏற்கும். 'இவர் இன்னார்' என்பதை ஏற்கத் தயங்குகின்றது.

மறுதலையான சான்றும் உண்டு. மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ், தஞ்சைக் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்ற திருநங்கை. நாயகி பாவத்தில் வல்லவர் எனப் பெயர் பெற்றவர். இந்திய அரசு 2019-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. அவருக்கு மேடைப் பெண்மையும் வாழ்வுப் பெண்மையும் ஒன்றே. கலைக்க வேண்டிய அரிதாரம் இல்லை. அவருடைய படம் தமிழ்ப் பத்திரிகைகளின் முகப்பில் வந்தது. சாத்தனாருடைய வீதியில் ஆடியவர் சுவரிலும் ஏறினார் என்று இதனைக் கூறலாம்.

மலேசியத் தமிழர் செய்ய வேண்டிய பணி ஒன்று எஞ்சி நிற்கின்றது. தோட்டத்து நாடகங்களில் பெண் வேடம் பூண்டவர்களின் புகைப்படங்களும் பழைய நாடக விளம்பரங்களும் குடும்பப் பெட்டிகளில் செல்லரிக்கின்றன. தோட்டங்கள் மறைந்து, மக்கள் கிள்ளானுக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தபொழுது அவற்றுள் பல அழிந்திருக்கும். எஞ்சியவற்றைத் தொகுப்போர் படத்தின் கீழ் 'வள்ளி வேடம்' என்று மட்டும் எழுதிவிடுதல் போதாது. வேடம் பூண்டவர் பெயரையும் எழுத வேண்டும். அவருக்கு அது வெறும் வேடமாக இல்லாதிருந்தால், எந்தப் பெயரால் தம்மை அழைக்க விரும்பினாரோ அந்தப் பெயரையே எழுத வேண்டும்.