கிராம சபை கூடாத இருபது மாதம்



மலருக்கு நம்ம குழுக்களோட வரலாறு எழுதித் தாங்கன்னு கேட்டாங்க. 1989-ல் தருமபுரியில் முதல் குழுக்கள் தொடங்கியது, 1997-98-ல் மகளிர் திட்டம் வந்தது எல்லாம் பயிற்சிக்குப் பயிற்சி கேட்டுக் கேட்டு நமக்கு மனப்பாடம். அதனால் நான் சமீபத்து வரலாறு ஒன்றை எழுதுகிறேன். உலகத்தையே கொரோனா முடக்கின நேரத்தில் நம்ம ஊர் விஷயத்தை யார் முடிவு செய்தார்கள் என்பதுதான் அது.

கொஞ்சம் பின்னாடி போகணும். 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி தமிழ்நாட்டில் 1996-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்து, மூன்றில் ஒரு பங்கு இடத்தில் பெண்கள் உட்கார்ந்தார்கள். 2016-ல் அது பாதி இடம் ஆனது. சட்டம் வந்ததே தவிர, தேர்தல் வரல. அந்த வருஷம் அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பழைய தலைவர்களின் காலமும் முடிந்துபோக, மூன்று வருஷத்துக்கு மேல் தனி அலுவலர்கள்தான் ஊராட்சியைப் பார்த்தார்கள். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்று மத்திய நிதிக்குழு மானியத்தையும் நிறுத்தி வைத்தார்கள்.

2019 டிசம்பர் கடைசியில் 27 மாவட்டங்களில் தேர்தல் நடந்தது. 2020 ஜனவரி 6-ல் புதுத் தலைவர்கள் பதவி ஏற்றார்கள். அவர்களில் நம்ம குழுக்களில் ஊக்குநராக, பிரதிநிதியாக இருந்து போனவர்களும் உண்டு. நாற்காலி சூடாவதற்குள் மார்ச் 25-ல் ஊரடங்கு. காஞ்சிபுரம், விழுப்புரம், வேலூர், திருநெல்வேலி உள்ளிட்ட 9 மாவட்டங்களுக்கு அந்தத் தலைவர்களும் இல்லை. அங்கே 2021 அக்டோபரில்தான் ஊரகத் தேர்தல் நடந்தது. கொரோனாவின் இரண்டு அலையையும் அந்த ஊர்கள் தனி அலுவலரோடுதான் கடந்தன.

நம்ம பெண்கள் அப்போது சும்மா இருக்கல. முகக்கவசம் தைத்தோம், கிருமிநாசினி தயாரித்தோம், வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தோம். எந்த வீட்டில் அடுப்பு எரியல, யார் வெளியூரில் மாட்டிக்கிட்டாங்க என்பது எல்லாம் குழுவுக்குத் தெரியும். சொல்வதற்குத்தான் இடம் இல்லை. 2020 மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மூன்று நாளும் கிராம சபை கூடல. அடுத்த வருஷம் ஜனவரி 26-ம் போச்சு. கூட்டம் கூடினால் நோய் பரவும் என்றார்கள். நியாயம்தான். ஆனால் ரேஷனில் ஆயிரம் ரூபாய்க்கு வரிசையில் நின்றோம், நூறு நாள் வேலைக்கும் போனோம். டாஸ்மாக் கடையை 2020 மே மாதமே திறந்துட்டாங்க. வார்டு வாரியாக முப்பது பேர் தள்ளித் தள்ளி உட்கார்ந்து பேசுவதற்கு மட்டும் வழி கண்டுபிடிக்க முடியாமல் போனது எப்படி என்பது எனக்கு இன்னும் விளங்கல.

ஒரு விஷயம் சொல்கிறேன். வங்கிக் கடன் தவணையை மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தள்ளி வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. வட்டி ஓடும், ஆனால் தவணை கட்டச் சொல்லி நெருக்கக் கூடாது. இது எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தனியார் கடன் கம்பெனி ஆள் வாசலில் வந்து நின்றபோது தாலிக்கொடியை அடகு வைத்துக் கட்டினவர்கள் இருக்கிறார்கள். கிராம சபையில் அந்த அறிவிப்பை ஒருமுறை சத்தமாகப் படித்திருந்தாலே போதும்.

பக்கத்துக் கேரளத்திலும் அதே நோய், அதே ஊரடங்கு. ஆனால் 1996-லேயே மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று அங்கே முடிவு செய்துவிட்டார்கள். எதற்குச் செலவழிப்பது என்று ஊர்க்கூட்டத்தில் பேசிப் பழக்கம். 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ குழுக்களுக்கும் பஞ்சாயத்துக்கும் வார்டு வரைக்கும் தொடர்பு. அதனால் 2020 மார்ச் கடைசியில் சமுதாய சமையலறை திறக்கணும் என்று அரசு சொன்னதும், கட்டடம், அரிசி, ஆள் என்று யாரும் தேடி அலையல. பஞ்சாயத்து பொறுப்பேற்றது, குடும்பஸ்ரீ பெண்கள் சமைத்தார்கள், யாருக்குச் சாப்பாடு போகணும் என்று வார்டு உறுப்பினர் பட்டியல் கொடுத்தார். வழியில்லாதவர்களுக்கு இலவசம், மற்றவர்களுக்கு 20 ரூபாய். அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கரண்டி பிடிக்கிற கையும் கணக்குப் பார்க்கிற கையும் ஒரே மேசையில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து பழகியிருந்தது, அவ்வளவுதான். நம்மகிட்ட கரண்டியை மட்டும்தான் கொடுத்தார்கள்.

2021 அக்டோபர் 2-ல் நம்ம மாநிலத்தில் கிராம சபை திரும்பக் கூடியது. மதுரை மாவட்டம் பாப்பாபட்டி கூட்டத்துக்கு முதலமைச்சரே போனார். அது, ஒதுக்கீட்டுத் தலைவர் வேண்டாம் என்று பத்து வருஷம் தேர்தலே நடக்கவிடாமல் கிடந்த ஊர். பிறகு மார்ச் 22, நவம்பர் 1 என்று வருஷத்தில் இரண்டு கூட்டம் கூடுதலாகச் சேர்த்தார்கள்.

2019-ல் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அந்தத் தலைவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அடுத்த தேர்தல் வரல. அந்த மாவட்டங்களில் மறுபடியும் தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். நம்ம கூட்டமைப்புத் தீர்மான நோட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.