‘எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு’ என்பதை எவ்வளவு நம்பலாம்? மூளையில் நினைவுகள் உருவாவது இப்படித்தான்!

“என் கண்ணால பார்த்தேன், நல்லா ஞாபகம் இருக்கு” என்று ஒருவர் சொன்னால், அதற்கு மேல் நாம் கேள்வி கேட்பதில்லை. ஆனால், அப்படி அடித்துச் சொன்ன ஒரு சாட்சியால் அமெரிக்காவில் குற்றமே செய்யாத ஒருவர் 10 ஆண்டுகளுக்கும் மேல் சிறையில் கிடந்தார். இத்தனைக்கும் அந்தச் சாட்சி பொய் சொல்லவில்லை. அப்புறம் எப்படி இது நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

என்ன வழக்கு அது?

1984 ஜூலை மாதம். வடக்கு கரோலினா மாகாணத்தின் பர்லிங்டன் நகரில், ஜெனிஃபர் தாம்சன் என்ற 22 வயது கல்லூரி மாணவியின் வீட்டுக்குள் புகுந்த ஒருவன் அவரைப் பாலியல் வன்கொடுமை செய்தான். அவனை எப்படியும் போலீஸில் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று, அந்த நேரத்திலும் அவன் முகத்தை உற்றுப் பார்த்து மனதில் பதிய வைத்தார் ஜெனிஃபர்.

போலீஸார் காட்டிய புகைப்படங்களில் ரொனால்ட் காட்டன் என்பவரை அவர் அடையாளம் காட்டினார். பிறகு நேரில் நிறுத்தப்பட்டவர்களிலும் அவரையே காட்டினார். 1985-ல் காட்டனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1987-ல் மறுவிசாரணை நடந்தபோது, உண்மையான குற்றவாளி பாபி பூல் நீதிமன்றத்தில் ஜெனிஃபர் முன்னால் நிறுத்தப்பட்டார். ‘இவரைப் பார்த்ததே இல்லை’ என்றார் ஜெனிஃபர். 1995-ல் டிஎன்ஏ பரிசோதனை உண்மையைச் சொன்ன பிறகே காட்டன் வெளியே வந்தார்.

நினைவு முதலில் எப்படிப் பதிகிறது?

மூளைக்குள் காதுகளையொட்டிய பகுதியில், பக்கத்துக்கு ஒன்றாக ‘ஹிப்போகேம்பஸ்’ என்ற உறுப்பு இருக்கிறது. பார்ப்பதற்குக் கடல்குதிரை போல இருப்பதால் இந்தப் பெயர். பார்த்தது, கேட்டது, முகர்ந்தது எல்லாம் மூளையின் வெவ்வேறு இடங்களுக்குப் போகின்றன. அவற்றை ஒரே சம்பவமாகக் கோர்த்து வைப்பது இதன் வேலை.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகுக்குக் காட்டியவர் ஹென்றி மொலைசன். கடுமையான வலிப்பு நோய்க்காக 1953-ல், தனது 27-வது வயதில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். இரண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதி நீக்கப்பட்டது. வலிப்பு குறைந்தது. ஆனால், அதன் பிறகு எந்தப் புதிய சம்பவமும் அவருக்கு நிலைக்கவில்லை. சற்றுமுன் பேசிவிட்டுப் போனவர் திரும்பி வந்தால், அவர் புது ஆள்தான். 2008-ல் இறக்கும் வரை இதே நிலை.

இதில் ஓர் ஆச்சரியம் உண்டு. கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பயிற்சியை அவருக்குக் கொடுத்தார் உளவியலாளர் பிரெண்டா மில்னர். ‘இதை முன்பு செய்ததே இல்லை’ என்றே ஒவ்வொரு நாளும் நினைத்தார் மொலைசன். ஆனால், கை மட்டும் நாளுக்கு நாள் தேறியது. சம்பவங்களின் நினைவும், சைக்கிள் ஓட்டுவது போன்ற கைப்பழக்கமும் மூளையில் வேறு வேறு இடத்தைச் சார்ந்தவை என்பது இதில் தெரிந்தது.

பதிந்த நினைவு மாறுமா?

மாறும். ஒரு நினைவை எடுத்துப் பார்ப்பது, போனில் பழைய வீடியோவைத் தட்டிப் பார்ப்பது போன்றது அல்ல. சிதறிக் கிடக்கும் துண்டுகளை எடுத்து, மூளை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுகிறது. இடையில் கேட்டதும் பார்த்ததும் அதில் கலந்துவிடலாம்.

1974-ல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் ஆகியோர் மாணவர்களுக்குக் கார் விபத்துக் காட்சியைக் காட்டினார்கள். சிலரிடம் கார்கள் ‘மோதியபோது’ என்ன வேகம் என்றும், சிலரிடம் ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, ‘உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?’ என்ற கேள்விக்கு, ‘நொறுங்கிய’ என்று கேட்கப்பட்டவர்களில் 32% பேர் ‘ஆமாம்’ என்றனர். ‘மோதிய’ குழுவில் 14% பேர் மட்டுமே. காட்சியில் உடைந்த கண்ணாடியே இல்லை!

ஜெனிஃபர் விஷயத்திலும் இதுதான் நடந்தது. புகைப்படத்திலும் நேரிலும் இருந்த ஒரே நபர் காட்டன்தான். ‘நீங்கள் புகைப்படத்தில் காட்டியதும் இவரைத்தான்’ என்று போலீஸாரும் சொன்னார்கள். நினைக்க நினைக்க, குற்றவாளியின் முகம் இருந்த இடத்தில் காட்டனின் முகம் உட்கார்ந்துவிட்டது. கூடவே அவரது உறுதியும் ஏறிக்கொண்டே போனது. பின்னர் இருவரும் சேர்ந்து 2009-ல் இதைப் புத்தகமாகவே எழுதினார்கள்.

டிவி செய்திகளில் சில வழக்குகளில் கைதானவரின் முகத்தைத் துணியால் மூடி அழைத்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். அடையாள அணிவகுப்புக்கு முன்பே சாட்சி அந்த முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

மூளை ஏன் இப்படி இருக்கிறது?

2007-ல் லண்டனில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு ஒரு விடை தருகிறது. நடத்தியவர்களில் ஒருவர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற டெமிஸ் ஹஸாபிஸ். ஹிப்போகேம்பஸ் பாதிக்கப்பட்ட 5 பேரிடம், ‘வெள்ளை மணல் கடற்கரையில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்யுங்கள்’ என்பது போலக் கேட்டார்கள். பெரும்பாலானோரால் ஒரு முழுக் காட்சியைக் கற்பனை செய்ய முடியவில்லை.

அதாவது, பழசை நினைப்பதற்கும் நாளையைக் கற்பனை செய்வதற்கும் மூளை ஒரே கருவியைத்தான் பயன்படுத்துகிறது. துண்டுகளைக் கலைத்து அடுக்க முடிவதால்தான் இன்டர்வியூவை முன்கூட்டியே மனதில் ஓட்டிப் பார்க்கிறோம், ஒருமுறை ஏமாந்த இடத்தில் அடுத்த முறை உஷாராக இருக்கிறோம். அதற்கு நாம் கொடுக்கும் விலைதான் இந்தப் பிழை.

நாம் என்ன செய்யலாம்?

• விபத்தையோ குற்றத்தையோ நேரில் பார்த்தால், மற்றவர்களிடம் பேசும் முன்பே, சமூக வலைதள வீடியோக்களைப் பார்க்கும் முன்பே, நினைவில் இருப்பதை எழுதி வையுங்கள்.

• குழந்தைகளிடம் விசாரிக்கும்போது ‘அவன்தானே அடிச்சான்?’ என்று பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். ‘என்ன நடந்துச்சு?’ என்று மட்டும் கேளுங்கள்.

• படித்தது நிலைக்க, புத்தகத்தை மூடிவிட்டு நினைவுபடுத்திப் பாருங்கள். நன்றாகத் தூங்குங்கள். புதிய நினைவுகள் உறுதிப்படுவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

• வீட்டில் ‘நீ அன்னைக்கு அப்படித்தான் சொன்ன’ என்று சண்டை வந்தால், எதிரில் இருப்பவர் பொய் சொல்கிறார் என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். இரண்டு பேருமே தங்கள் நினைவில் இருப்பதை உண்மையாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கலாம்.